ஸ்ரீரங்கமும் தீவுதான்: பிரான்சைஸ் எடுக்கலாமா என்று கேட்டவருக்கு

வந்த கேள்வி, 9 மார்ச் 2025

"அண்ணே, எனக்கு ஊர் வலங்கைமான் பக்கம். ரோட்டுக்கு நிலம் போனதில் 30 லட்சம் கைக்கு வந்திருக்கு. அந்தமானில் சித்தப்பா பையன் இருக்கான். அங்கே ஒரு காபிக்கடை பிரான்சைஸ் எடுக்கச் சொல்றாங்க, அதாவது கம்பெனி பேரில் நம்ம காசு போட்டு நடத்துற கடை. டூரிஸ்ட் வந்துக்கிட்டே இருப்பாங்க, போட்டி கம்மி, பிராண்டு பேர் இருந்தா மூணு வருஷத்தில் போட்ட காசு வந்துரும்னு கம்பெனிக்காரர் சொல்றார். தீவு ஊரில் பிரான்சைஸ் எடுத்தவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க."

9 மார்ச், இரவு

நான் எடுத்தேன் தம்பி. தீவில்தான். சிரிக்காதீர்கள், ஸ்ரீரங்கம்.

வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி. அரங்கம் என்றாலே ஆற்றிடைக்குறை என்றுதான் பொருள். உள்ளூர்ச் சனத்தை விட்டுவிட்டால் மற்ற எல்லாரும் பாலம் ஏறித்தான் வரவேண்டும், வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பெருமாளுக்காக வருகிறார்கள். அந்தமானில் கடலைப் பார்க்க வருகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

2021 டிசம்பரில் கையெழுத்துப் போட்டேன். 2024 ஜூனில் ஷட்டரை இறக்கினேன். கம்பெனி பேர் வேண்டாம், கேட்காதீர்கள். நுழைவுக் கட்டணம் 5 லட்சம், அதற்கு ஜிஎஸ்டி 90,000. உள் அலங்காரமும் இயந்திரமும் 14 லட்சம். கடை அட்வான்ஸ் பத்து மாச வாடகை, 3 லட்சத்து 80 ஆயிரம். ஆக 23 லட்சத்து 70 ஆயிரம். திரும்பி வந்தது அட்வான்ஸும், பழைய விலைக்குப் போன ஒரு பாய்லரும்.

மீதி நாளைக்கு.

10 மார்ச்

ராயல்டி, அதாவது பேருக்காகக் கம்பெனிக்கு மாதாமாதம் கட்டுவது, எவ்வளவு என்று நாலு பேர் கேட்டிருக்கிறீர்கள். விற்பனையில் 6 சதவீதம், விளம்பரத்துக்கு 2 சதவீதம். மொத்தம் எட்டுதான். அது ஒன்றும் அநியாயம் இல்லை, பல கம்பெனிகள் அப்படித்தான் வாங்குகின்றன.

12 மார்ச்

மேலே எட்டு என்று எழுதியது தப்பு. பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். என்னையே நான் மறுபடி ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன்.

ஒப்பந்தத்தில் '6 சதவீதம் அல்லது மாதம் 20,000, எது அதிகமோ அது' என்று இருந்தது. சாதாரண மாதத்தில் எனக்கு விற்பனை 3 லட்சம். ஆறு சதவீதம் 18,000தான் வரும், ஆனால் கட்ட வேண்டியது 20,000. விளம்பரத்துக்கு 6,000. ஆக 26,000. அதன் மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம், 4,680. மொத்தம் 30,680. பத்து சதவீதத்துக்கும் மேலே போய்விட்டது.

அந்த 4,680-ஐ வரியில் கழித்துக்கொள்ளலாமே என்று ஒருத்தர் கேட்டார். முடியாது. சாப்பாட்டுக்கடைக்கு வாடிக்கையாளரிடம் 5 சதவீதம் வாங்குகிறோம் இல்லையா, அந்த விகிதத்தில் உள்ளீட்டு வரி கழிவு கிடையாது. 2017 நவம்பரில் இருந்தே அப்படித்தான். ராயல்டிக்குக் கட்டும் ஜிஎஸ்டி முழுக்க நம் கைக்காசு. கம்பெனி காட்டிய அழகான எக்செல் தாளில் இந்த வரி மட்டும் இல்லை. நானும் பி.காம். தான். நானும் பார்க்கவில்லை.

12 மார்ச், கொஞ்ச நேரம் கழித்து

நம்ம ஊர்க்காரர்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். சதவீதம் என்பது வாரம், விளைச்சலில் பங்கு. மாதம் 20,000 என்பது குத்தகை, விளைந்தாலும் விளையாவிட்டாலும் கட்டுவது. இவர்கள் வாரத்தையும் குத்தகையையும் சேர்த்து எழுதி, எது கூடுதலோ அதை அளந்துகொண்டு போகிறார்கள். அதிலும் அந்த வாரம் நம் செலவு போன பிறகு அளப்பதில்லை, களத்தில் நெல் குவிந்ததும் மரக்காலோடு வந்து நிற்கும் வாரம். உரக்கடன், ஆள் கூலி எல்லாம் உங்கள் பாடு.

தண்ணீர் வராமல் பயிர் காய்ந்த வருஷம் என் தாத்தா குத்தகையைத் தள்ளிக் கொடுத்திருக்கிறார். ஊர் வழக்கம் அது. ஒப்பந்தத்தில் ஊர் வழக்கம் என்று ஒரு பிரிவும் இல்லை.

15 மார்ச்

சரி, வயிறெரிந்த கதைக்கு வருகிறேன்.

கம்பெனியின் மேலாளர் சென்னைக்காரர். நல்ல பையன். 'சார், வைகுண்ட ஏகாதசி அன்னைக்குத் திறக்கணும், முதல் நாளே ஒரு லட்சம் பார்க்கணும்' என்றார். தினசரி காலண்டரைக் கிழித்துக் காட்டினார். 2022 ஜனவரி 13, வியாழக்கிழமை, வைகுண்ட ஏகாதசி. எனக்குக் கும்பகோணம். எங்களுக்கு மகாமகம் தெரியும், சாரங்கபாணி தேர் தெரியும். ஸ்ரீரங்கத்துக் கணக்கு எனக்கு எங்கே தெரியும்? சரி என்றேன்.

டிசம்பர் பதினாலாம் தேதி தச்சர் வேலையைப் பார்க்கப் போனால் பாலத்திலேயே போலீஸ் நிற்கிறது. கூட்டமான கூட்டம். என்ன விசேஷம் என்று ஒரு பூக்காரம்மாவிடம் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சொர்க்கவாசல் திறந்தாச்சுப்பா, நீ எந்த ஊரு?" என்றார்.

சில வருஷங்களில் தைத்தேருக்கு இடம் விட்டு, ஸ்ரீரங்கத்தில் மட்டும் ஏகாதசியைக் கார்த்திகையிலேயே நடத்திவிடுவார்களாம். அப்படிப்பட்ட வருஷம் அது. கடைக்கு அப்போது கதவே வரவில்லை.

மேலாளருக்குப் போன் செய்தேன். அவர் அரை நிமிஷம் பேசவில்லை. அப்புறம், 'பரவாயில்லை சார், மத்த ஊர்க்காரங்க ஜனவரியில வருவாங்க' என்றார். 13-ம் தேதியே திறந்தோம். மறுநாளில் இருந்து, பொங்கலோடு சேர்த்து ஐந்து நாள், கொரோனாவுக்காகத் தமிழ்நாடு முழுக்கக் கோயிலைச் சாத்திவிட்டார்கள்.

16 மார்ச்

சொல்ல விட்டுப்போனது. எங்கள் விற்பனை இலக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை. 2021-ல் ஏகாதசி டிசம்பர் 14. அடுத்தது 2023 ஜனவரி 2. கணக்குப் போட்டுப் பாருங்கள். 2022 என்ற வருஷத்தில் ஸ்ரீரங்கத்துக்கு வைகுண்ட ஏகாதசியே கிடையாது! இலக்கு எட்டவில்லை என்று கம்பெனி அந்த வருஷ இறுதியில் கடிதம் அனுப்பியது.

2023-ல் ஜனவரி ஒன்று, டிசம்பர் 23 ஒன்று, ஆக இரண்டு. 2024-ல் மறுபடி பூஜ்யம். இந்த வருஷம் ஜனவரி 10 முடிந்தது, டிசம்பர் 30 வரப்போகிறது, மறுபடி இரண்டு. பெருமாள் பஞ்சாங்கத்தைப் பார்க்கிறார், கம்பெனி காலண்டரைப் பார்க்கிறது.

18 மார்ச்

'ஏகாதசி விரதத்தில் எவன் காபி குடிப்பான்' என்று கேட்ட நண்பருக்கு: எங்கள் பக்கத்து சாஸ்திரத்தில் காபி உணவில் சேராது.

22 மார்ச்

பாலம்.

திருச்சி சத்திரம் பக்கம் இருந்து ஸ்ரீரங்கத்து மாம்பழச் சாலைக்கு வரும் காவிரிப் பாலத்தைப் பழுது பார்க்க 2022 செப்டம்பரில் மூடினார்கள். 2023 மார்ச்சில்தான் முழுசாகத் திறந்தார்கள். நடுவில் பஸ்ஸும் காரும் பைபாஸ் பாலம் வழியாகச் சுற்றிக்கொண்டுதான் உள்ளே வரவேண்டும். வெளியூர்ப் பஸ் வந்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் சாயங்காலம் திருச்சியில் இருந்து குடும்பத்தோடு பைக்கிலும் காரிலும் வந்து, தாயார் சன்னிதி சேவித்துவிட்டு, குழந்தைக்கு ஒரு சாக்லேட் பானம் வாங்கிக் கொடுத்துப் போவார்களே, அந்தக் கூட்டம் நின்றே போனது. உண்மையில் என் கடையை நிறுத்தி வைத்திருந்தது அவர்கள்தான். அதை அப்போதுதான் கண்டுபிடித்தேன்.

குறைந்தபட்ச ராயல்டியைத் தள்ளிக் கொடுங்கள் என்று எழுதினேன். ஒப்பந்தத்தில் 'தெய்வச் செயல்' பிரிவு இருக்கிறது, அதில் கேளுங்கள் என்று ஒரு வக்கீல் நண்பர் சொன்னார். படித்துப் பார்த்தேன். வெள்ளம், தொற்றுநோய், அரசு உத்தரவு எல்லாம் வரிசையாக இருக்கிறது. ஆனால் அந்தக் காரணங்களால் கம்பெனி சரக்கு அனுப்ப முடியாவிட்டால் அது கம்பெனியின் குற்றம் ஆகாது என்பது மட்டும்தான் பிரிவு. அதன் கடைசி வரி: 'பணம் செலுத்தும் பொறுப்புக்கு இது பொருந்தாது.'

தம்பி, அந்தமானில் உங்கள் பாலம் என்பது கப்பலும் விமானமும். அந்தக் கடைசி வரி உங்கள் தாளில் இருக்கிறதா பாருங்கள்.

23 மார்ச்

மாலத்தீவில் எடுக்கலாமே என்று ஒருவர் ஆசை காட்டியிருக்கிறார். அங்கே பெரும்பாலும் ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட். விருந்தாளி விமானத்தில் இறங்கி, படகில் ஏறி, நேரே ரிசார்ட்டுக்குள் போய்விடுகிறார். நம் கடை வாசலைத் தாண்டுவதே இல்லை. இதுவும் ஸ்ரீரங்கத்தில் பார்த்ததுதான். பஞ்சக்கரை யாத்ரி நிவாஸ் விடுதியில் வண்டி நிற்கும், கட்டுச்சோறு அங்கேயே பிரியும், கோயிலுக்குப் போவார்கள், திரும்பி வண்டி ஏறுவார்கள். பத்தாயிரம் பேர் வந்த நாளில் என் கல்லாவில் ஒன்பதாயிரம் ரூபாய் விழுந்தது உண்டு.

30 மார்ச்

காபியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லையே என்று என் வீட்டுக்காரி கேட்டாள். இதை அவளும் படிக்கிறாள் என்பது இன்றுதான் தெரிந்தது.

பொடி கம்பெனியிடம்தான் வாங்க வேண்டும். சீல் வைத்த பொட்டலத்தில் வரும் டிகாக்‌ஷனும் அவர்களுடையதுதான். வெளியே கிலோ என்ன விலைக்குக் கிடைக்குமோ அதைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல். ராயல்டி என்று தனியாக வாங்குவது போக, இதில் ஒரு மறைவு ராயல்டி. எந்த ஊரில் குடித்தாலும் ஒரே ருசி இருக்க வேண்டும் என்பது அவர்கள் நியாயம். விமான நிலையத்தில் அது சரி.

உத்திர வீதியில் இருந்து ஒரு மாமி, எண்பது வயசு இருக்கும், திறந்த இரண்டாவது வாரம் வந்தார். நின்றுகொண்டே வாங்கினார். டம்ளரைத் தூக்கி ஒரு மடக்கு அண்ணாந்து விட்டுக்கொண்டார். வாயில் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். காசைக் கல்லாவில் வைத்துவிட்டு, "காபி மாதிரி இருக்கு" என்றார். அந்த 'மாதிரி'யில் என் ஐந்து லட்சம் போயிற்று.

மறுநாள் வீட்டில் இருந்து பித்தளை பில்டரைக் கொண்டுபோனேன். பீபெரி கொட்டை, சிக்கரி கம்மி, விடியற்காலை நாலு மணிக்கு இறக்கிய முதல் டிகாக்‌ஷன். உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும் பின்பக்கமாகக் கொடுத்தேன். இரண்டு மாதத்தில் மாமி தினமும் வந்தார். மூன்றாம் மாதம் கம்பெனி ஆடிட்டர் வந்தார். பில்டரைப் போட்டோ எடுத்தார், ஒப்பந்த மீறல், 25,000 அபராதம்.

31 மார்ச்

அபராதம் பில்டருக்கு மட்டுமில்லை, நினைவு வந்துவிட்டது. அது தனிக் கதை. 2023-ல் வந்த ஒரு ஏகாதசி. சொர்க்கவாசல் விடியற்காலையில். சனம் நள்ளிரவில் இருந்தே வீதியில் உட்கார்ந்திருக்கும், நல்ல பனி, காபி பறக்கும். கம்பெனியின் பில் மென்பொருள் இரவு பதினொன்றுக்கு நாள் கணக்கை மூடிக்கொள்ளும், காலை ஆறுக்குத்தான் திறக்கும்! ஹெல்ப்லைனுக்கு அடித்தேன், ஒரு பெண் குரல் 'வேலை நேரம் காலை பத்து மணி' என்றது. என்ன செய்வது, பள்ளிக்கூட நோட்டில் கோடு கிழித்துக் கிழித்து விற்றேன். மூன்று வருஷத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல இரவு. காலையில் நோட்டைப் பார்த்து மொத்தத்தையும் கணக்கில் ஏற்றினேன். ஆடிட்டர் அதை 'நேரம் தவறிய விற்பனை' என்று எழுதிக்கொண்டார்.

6 ஏப்ரல்

ஆக, கும்பகோணம் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு வந்துவிட்டது, அந்த ஊர்ச் சரக்குக்கு மட்டும்தான் அந்தப் பேர் என்கிற பதிவு. சந்தோஷம். கும்பகோணம் டிகிரி காபிக்கு அப்படி ஒன்றும் இல்லை. அதனால்தான் சென்னை நெடுஞ்சாலை முழுக்கப் பித்தளை டபராவோடு அந்தப் போர்டு தொங்குகிறது. பேருக்கு யாரும் ராயல்டி வாங்குவதில்லை. யோசித்தால் உலகத்திலேயே பெரிய பிரான்சைஸ் எங்கள் ஊருடையதுதான், ஊருக்கு ஒரு பைசா வருவதில்லை. நான் அந்த ஊரில் பிறந்துவிட்டு இன்னொருத்தன் பேருக்கு 5 லட்சம் கட்டியிருக்கிறேன்.

20 ஏப்ரல்

தம்பி கேட்டது: 'ஒப்பந்தம் முடிந்த பிறகும் இரண்டு வருஷம் அதே தொழில் செய்யக்கூடாது என்று எழுதியிருக்கு, செல்லுமா?'

பிரான்சைஸுக்கு என்று நம் நாட்டில் தனிச்சட்டம் இல்லை. 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம்தான் அடிப்படை. ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது அதன் 27-வது பிரிவு. ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது போட்டிக்கடை வைக்காதே என்றால் அதைக் கோர்ட் ஏற்கும். முடிந்த பிறகும் கையைக் கட்டுவது பொதுவாக நிற்காது. ஆனால் அவர்கள் பேர், சின்னம், நிறம் இதையெல்லாம் தொடக்கூடாது. கையெழுத்துப் போடும் முன் வக்கீலிடம் ஐயாயிரம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். நான் அதை மிச்சம் பிடித்தேன்.

11 மே

போன மாதம் சித்திரைத் தேருக்குப் போய்விட்டு வந்தேன். வியாபாரமாக இல்லாமல், சும்மா.

கடை வைத்திருந்தபோது இந்தக் கூட்டத்தைப் பார்த்து எனக்குக் கோபம்தான் வரும். சுற்றுவட்டக் கிராமத்துச் சனம், லட்சக்கணக்கில். அறுவடை முடிந்து, கையில் காசு புரளும் நேரம். நெல்லும் பயறும் காணிக்கையாகக் கொண்டு வருவார்கள். 40 ரூபாய் காபியை ஒருத்தர் திரும்பிப் பார்க்கமாட்டார். மேலாளர் இவர்களை 'தகுதியில்லாத கூட்டம்' என்று ஒரு அறிக்கையில் எழுதினார், நானும் தலையாட்டினேன். இந்தத் தடவை சித்திரை வீதியில் நின்று பார்க்கிறேன், பானகமும் மோரும் வெள்ளரிக்காயும் விற்றவர்கள் நிமிர நேரமில்லாமல் விற்கிறார்கள். என் பட்டியலில் ஐஸ் போட்ட காபி ஐந்து வகை இருந்தது. மோர் இல்லை. சேர்க்கவும் விடமாட்டார்கள், கேட்டுப் பார்த்தேன்.

25 மே

அந்தமான் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று ஒருவர் சரியாகவே கேட்டிருக்கிறார். இரண்டு தடவை போயிருக்கிறேன், மச்சான் அங்கே ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறான். அவ்வளவுதான்.

போர்ட் பிளேருக்கு இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பேர், 2024 செப்டம்பரில் மாற்றினார்கள். அபெர்தீன் பஜாரில் தமிழிலேயே பேசிப் பிழைத்துக்கொள்ளலாம். சென்னையில் இருந்து கப்பல் மூன்று நாள் மாதிரி ஆகும். சிமெண்டில் இருந்து பேப்பர் கப் வரை அப்படித்தான் வந்து சேர்கிறது. சீசன் அக்டோபரில் இருந்து மே வரை. ஜூன் பிறந்தால் மழை. கடல் கொந்தளித்தால் ஸ்வராஜ் தீவுக்கான (பழைய ஹேவ்லாக்) படகை நிறுத்திவிடுவார்கள். படகு நின்றால் அங்கே இருக்கும் கடைக்குக் கூட்டமும் இல்லை, பாலும் இல்லை. மச்சான் வீட்டில் நான் இருந்த எட்டு நாளும் பால்பவுடர் காபிதான்.

நாலு மாதம் கடை ஈ ஓட்டும் என்று கம்பெனிக்காரருக்கும் தெரியும். அவர் தாளில் பன்னிரண்டு மாதமும் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று பாருங்கள்.

25 மே, இரவு

'அப்போ எடுக்கவே வேண்டாமா?' என்று தம்பி தனியாகக் கேட்டிருக்கிறார். பொதுவிலேயே சொல்கிறேன்.

நான் அப்படிச் சொல்லவில்லை. திருச்சியில் மருந்துக்கடை, கண்ணாடிக்கடை, குழந்தைகள் பள்ளி என்று பிரான்சைஸ் எடுத்து நன்றாக இருப்பவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு ஆள் வருவது ஆற்றையும் பஞ்சாங்கத்தையும் நம்பி இல்லை. தீவில் எடுப்பதென்றால் குத்தகையை வெட்டிவிட்டு வாரம் மட்டும் கேளுங்கள். சும்மா கிடக்கும் மாதங்களைப் பேர் சொல்லி ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள், ஜூன், ஜூலை, ஆகஸ்ட் என்று. பால், பழம், உள்ளூர்ப் பலகாரம் நம் இஷ்டத்துக்கு வாங்க விடச் சொல்லுங்கள். மாட்டோம் என்றால் அந்தப் பேர் உங்களுக்கு என்ன தருகிறது என்று கேளுங்கள். வெளியூரான் ஒருத்தன் வாழ்நாளில் ஒரு தடவை அந்த ஊருக்கு வருகிறான், தெரிந்த பேரைப் பார்த்தால் நம்பி நுழைகிறான், அது உண்மை. அந்த நம்பிக்கைக்கு ஒரு விலை உண்டு. மாதம் 30,680 இல்லை.

'நீங்க முதல் மட்டும் போடுங்க, கடையை நாங்களே நடத்துறோம், மாசாமாசம் உறுதியான தொகை' என்றும் ஒரு திட்டம் சொல்வார்கள். உறுதி என்கிற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு ஊரில் ஓடிப்போன சீட்டுக்காரர்கள் ஞாபகத்துக்கு வருகிறார்கள். என் மனக்கோளாறாகவும் இருக்கலாம்.

3 ஜூலை

மேட்டூர் 120 அடி நிரம்பிவிட்டது, கொள்ளிடத்தில் தண்ணீர் போகிறது. பார்க்கலாம் என்று போனவன் பழைய கடைப்பக்கம் திரும்பினேன்.

கட்டட உரிமையாளரின் மகன் இப்போது அங்கே காபிக்கடை வைத்திருக்கிறான். நான் காசு கொடுத்துப் போட்ட தரை, நான் போட்ட விளக்கு. போர்டு 'கும்பகோணம் டிகிரி காபி'. பையன் பிறந்து வளர்ந்தது எல்லாம் ஸ்ரீரங்கம். காபி 20 ரூபாய். பத்து நிமிஷம் நின்று எண்ணினேன், 31 டம்ளர். மாமி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், என்னை அடையாளம் தெரியவில்லை. அல்லது தெரிந்தும் பேசவில்லை.

காபி நன்றாக இருந்தது. கொஞ்சம் சர்க்கரை தூக்கல்.

19 ஜூலை

பழைய மேலாளர் போன் செய்தார். வேறு கம்பெனிக்கு மாறிவிட்டாராம். '2028 மகாமகம் வருது சார், கும்பகோணத்துல இப்பவே இடம் பிடிச்சா ஜாக்பாட்' என்கிறார். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, 2016-ல் பத்து நாள் நடந்தது. ஒப்பந்தம் ஐந்து வருஷம். தேதி என்ன என்று கேட்டேன். 'பார்த்துச் சொல்றேன் சார்' என்றார். 'காலண்டரில் பார்க்காதீங்க' என்று சொல்லி வைத்தேன்.

2 ஆகஸ்ட்

வலங்கைமான் தம்பி போன் செய்தார். கையெழுத்தைத் தள்ளிப் போட்டுவிட்டு, இந்த மழைக்காலத்திலேயே ஒரு தடவை போய்ப் பார்க்கப் போகிறாராம், சித்தப்பா பையன் வீட்டில் பத்து நாள் இருந்து, எந்தக் கடை திறந்திருக்கிறது, எதில் ஆள் இருக்கிறது என்று எண்ணப்போகிறார். விமானமா என்றேன். 'இல்லண்ணே, கப்பல். பேப்பர் கப் எப்படி வருதுன்னு பார்க்கணும்ல' என்றார்.

வாந்திக்கு எலுமிச்சம்பழம் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். காபிப்பொடி அரைக்கிலோ என் மச்சானுக்குக் கொடுத்தனுப்புகிறேன்.